தோள்பட்டை என்று சொன்னது யார்?

டமார்!

பாதி இறக்கியிருந்த ஷட்டரை வெளியிலிருந்து யாரோ காலால் உதைத்தார்கள். ஹீட் பிரஸ் மெஷினின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்த நம்பரக்கா திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். கைப்பிடி முன்னதாகவே மேலே எழும்பியது. கீழே கிடந்த ஜெர்சியில் எட்டாம் நம்பரின் ஓரம் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

"எந்தக் கட்டையில போறவன்டா அது?" என்று கத்தினார் சித்தப்பா.

"நான்தான்யா! தொறங்க, தொறங்க!"

குனிந்து உள்ளே நுழைந்தவர் பெட்டிக்காரர். நாட்டின் கால்பந்து அணிக்குச் சொந்தமான பந்து, பூட்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் அவருடைய பெட்டிகளில்தான் ஊர் சுற்றும். அக்கம்பக்கத்து நாடுகள் எட்டும் மோதும் கோப்பைப் போட்டி இந்த முறை இதே ஊரில் நடக்கிறது. அது தொடங்கியதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிட்டிருப்பாரா என்பதே சந்தேகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஒண்ணாம் நம்பரை அடிச்சாச்சா?"

"இல்ல சார். கோல் கீப்பர் ஜெர்சியைக் கடைசியிலதான் அடிப்பேன்" என்றாள் நம்பரக்கா.

"நல்லதாப் போச்சு. அதை விட்டுடு. அதுக்குப் பதிலா இருபத்திமூணு. ரெண்டு செட். முழுக்கை."

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இருபத்திமூணா? அந்தத் தம்பி பந்தைப் பிடிக்கிறதைவிட பந்து அவனைப் பிடிக்கிறதுதானே அதிகம்!"

"உங்க அபிப்பிராயம் கேட்டு நான் வரல, பெரியவரே."

"ரெண்டாவது கோலி என்ன ஆனான்?"

"போன மேட்ச்ல பெஞ்சுல உக்காந்தபடியே ரெஃப்ரியைத் திட்டி சிவப்பு அட்டை வாங்கினானே, பாக்கலையா? நாளைக்கு அவன் வீட்ல உக்காந்து திட்டட்டும். சீக்கிரம் வேலையைப் பாருங்க."

ஒன்றாம் நம்பருக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. அந்த அறையில் அப்படித்தான் வழக்கம்.

வழக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் எதிரணிக்காரர்களோடு ஜெர்சியை மாற்றிக்கொள்வார்கள். அதனால் களத்தில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது ஜெர்சி வேண்டும். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குப் பழசே போதும். ஆக, நாளைக்கு யார் விளையாடப்போகிறார்கள் என்பது பயிற்சியாளருக்கு அடுத்தபடியாக இந்தத் தையல்கூடத்தின் கீழ் அறைக்குத் தெரிந்துவிடும். மாடியில் தைக்கிற பெண்களுக்குக்கூட இங்கே வர அனுமதி இல்லை. பெயரையும் நம்பரையும் ஸ்டிக்கரில் வெட்டுவது சித்தப்பா. அதைச் சட்டையில் வைத்துச் சூடாக அழுத்துவது நம்பரக்கா. இரண்டே பேர். மேலே முதலாளியம்மா.

"இந்த ரூம்ல பாத்தது இந்த ரூம்லயே சாகணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் முதலாளியம்மா. "ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா கான்ட்ராக்ட் போயிடும். கான்ட்ராக்ட் போனா மாடியில இருக்கிற அத்தனை பேரும் தெருவுலதான். யாரு வாயைத் திறந்தாங்களோ அவங்களைத்தான் நான் முதல்ல தெருவுக்கு அனுப்புவேன்."

அதைச் சொல்லும்போது அவள் பார்வை சித்தப்பாவின் மேல்தான் இருந்தது. அவர் யாருக்கும் சித்தப்பா இல்லை. எல்லோரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் பெயரே மறந்துவிட்டது. பந்தயம் கட்டுவதை அவர் ஒளித்ததும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பஸ் ஸ்டாப் சிநேகிதர்களோடு சில்லறைப் பந்தயம். எப்போதும் நம்ம டீம் மேல்தான்.

"நாட்டுப்பற்றா சித்தப்பா?" என்று ஒருமுறை கேட்டாள் நம்பரக்கா.

"சேச்சே, பழக்கதோஷம்" என்றார்.

இருபத்துமூன்றை அடித்து, ஆறவைத்து, மேல்தாளை உரித்து முடிக்கும்போது அவளுக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

*

வீட்டுக்குப் போனால் புருஷன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஏ.சி. மெக்கானிக். ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு வரும்போது எரிந்து விழுவான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் "உனக்கு அங்க என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் "ஏதோ தையல் கடை" என்பான். அப்படிப்பட்டவன், கோப்பை தொடங்கிய நாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டான். அவள் வந்ததும் டீ. உட்கார்ந்ததும் மணிக்கட்டுக்குத் தைலம். அப்புறம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "சொல்லு, இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

ஸ்டிக்கரைச் சூடாக இருக்கும்போதே உரித்தால் என்ன ஆகும், ஒன்பதாம் நம்பர்க்காரன் சட்டையை எவ்வளவு இறுக்கமாகக் கேட்கிறான் என்பதையெல்லாம் அவன் கதை கேட்பது போலக் கேட்டான். நடுவில் சரியான கேள்வியும் கேட்டான். இதற்காகவே நம்பரக்கா சாயங்காலத்தை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே, எதை முதலில் சொல்லலாம் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வருவாள்.

"கை வீங்கியிருக்கே" என்றான் இன்றைக்கு.

"கடைசி நேரத்துல வந்து மாத்தினா வீங்காதா?"

"என்னத்த மாத்தினாங்க?"

"ஒண்ணுமில்ல."

"சரி, சொல்ல வேண்டாம்னா விடு." அவன் பாத்திரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகில் ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது. வருத்தத்தைக்கூட அளவாகக் காட்டத் தெரிந்தவன்.

அவளால் தாங்க முடியவில்லை. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன்? இந்தக் குக்கர்கிட்டயா?"

அவள் சிரித்துவிட்டாள். சொல்லியும்விட்டாள். ஒன்றாம் நம்பர் இல்லை, இருபத்துமூன்று, இரண்டு செட்.

"அடேயப்பா! ஏனாம்?"

ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நுரை சொட்டும் கையோடு ஒரு மனிதன் வாயைப் பிளந்து நிற்கும்போது "தெரியாது" என்று சொல்ல மனசு வருமா? போன ஆட்டத்தில் ஒன்றாம் நம்பர் ஒருபக்கமாக விழுந்ததை டிவியில் பார்த்தது ஞாபகம் வந்தது.

"தோள்பட்டை" என்றாள், எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற டாக்டர் மாதிரி. "நழுவிடுச்சு."

"அப்படியா!" அவன் கண்கள் விரிந்தன.

தன் பேச்சைக் கேட்டு ஒருவர் கண் விரிவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

*

மறுநாள் சாயங்காலம் ஆட்டம். எதிரணி, எட்டு நாடுகளிலேயே சின்னதான தீவு நாடு. ஊதினால் பறந்துவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. ஆனால் விசில் ஊதியதும் தீவுக்காரர்கள் பாஸ் பண்ணவில்லை, பந்தை நிதானமாக நகர்த்தவில்லை. பந்து கிடைத்த இடத்திலிருந்தே கோலைப் பார்த்து உயர உயர அடித்தார்கள். இருபத்துமூன்று வானத்தைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஓடினான். ஒன்று தலைக்கு மேலே போயிற்று. ஒன்று விரல் இடுக்கில் போயிற்று. மூன்றாவது கால்களுக்கு நடுவில்.

தோல்வி. முந்தைய வெற்றிகளின் புண்ணியத்தில் அரையிறுதிக்கு மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தார்கள்.

பக்கத்து வீடுகளிலெல்லாம் டிவியைத் திட்டுகிற சத்தம். இவள் புருஷன் மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலாட்டிக்கொண்டே முழுசாகப் பார்த்தான். இந்த மனுஷனுக்கு எவ்வளவு பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் நம்பரக்கா.

காலையில் அவள் கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான். உள்ளே மெத்தென்று அடிப்பாகம் வைத்த செருப்பு.

"நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்கிறியே. சும்மா, தள்ளுபடியில கிடைச்சுது."

அவள் அதைப் போட்டுக்கொண்டு மூன்று மாடிப் படிகளையும் இறங்கினாள். கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை.

*

கீழ் அறையில் மெஷின் போடவில்லை. முதலாளியம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் பெட்டிக்காரர். சித்தப்பா தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஷட்டரை இறக்கிட்டு வா" என்றாள் முதலாளியம்மா.

பெட்டிக்காரர் போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தார். "உள்ளேயிருந்து வந்த தகவல். ஒண்ணாம் நம்பர் ஜெர்சி அடிக்கவே இல்லை. இருபத்திமூணு ரெண்டு செட். தோள்பட்டை நழுவிடுச்சு. தீவு மேல தைரியமாக் கட்டு."

போனைத் தாழ்த்தினார். "பந்தயம் கட்டுறவனுங்க குரூப் அத்தனையிலயும் மேட்சுக்கு முந்தியே இது சுத்தியிருக்கு. தீவுக்காரன் காதுக்கும் போயிருக்கு. இல்லாட்டி மைதானத்து நடுவுல இருந்து எவனாவது கோலுக்கு அடிப்பானா? மேலிடத்துல என்னை நிக்க வெச்சுக் கேக்கிறாங்க. நீயா, உன் சட்டைக்கடையான்னு."

"ஜெர்சி அடிக்கலைங்கிறது இங்கதான் தெரியும்" என்றாள் முதலாளியம்மா. குரல் கரகரத்தது.

"அதுல வேற தோள்பட்டையாம்!" பெட்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அவன் தோள்பட்டை தூண் மாதிரி இருக்கு. அவனுக்கு வயித்தால போச்சு. பாத்ரூமை விட்டு வெளிய வரல. எங்க டாக்டருக்கே தெரியாத தோள்பட்டையை எவன் கண்டுபிடிச்சான்?"

நம்பரக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

ஜெர்சி விஷயம் இந்த அறையில் இருக்கிற நாலு பேருக்கும் தெரியும். வேறு யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் தோள்பட்டை? அது உலகத்தில் எங்கேயும் நடக்காத விஷயம். அவள் வாயில் பிறந்தது. ஒரே ஒரு ஆளின் காதில்தான் விழுந்தது.

"சித்தப்பா" என்றாள் முதலாளியம்மா. "போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"பந்தயம் கட்டினீங்களா, இல்லையா?"

"கட்டினேன். நம்ம டீம் மேல. தோத்தேன்."

"கோலி மாறிட்டான்னு தெரிஞ்சும் நம்ம டீம் மேல கட்டினீங்களா? காதுல பூ சுத்தாதீங்க."

சித்தப்பா மெதுவாக எழுந்தார். "எப்பவும் கட்டுறவன் அன்னிக்கு மட்டும் கட்டலைன்னா, அதுவே சேதி சொன்ன மாதிரி ஆயிடாதாம்மா? பஸ் ஸ்டாப்ல இருக்கிறவனுங்க மூஞ்சியைப் பாத்தே மோப்பம் பிடிச்சுடுவானுங்க. அதான் தோக்கும்னு தெரிஞ்சே கட்டினேன்."

இதைக் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது என்று நம்பரக்காவுக்குத் தெரிந்தது. முதலாளியம்மாவுக்குத் தெரியவில்லை.

"கதை நல்லா இருக்கு" என்றாள். "இங்க பந்தயம் கட்டுறவர் நீங்க ஒருத்தர்தான். நாளையில இருந்து வர வேண்டாம்."

சித்தப்பா வாதாடவில்லை. ஸ்டிக்கரிலிருந்து வேண்டாத துணுக்குகளைக் கொத்தி எடுக்கிற ஊசிக்கொக்கியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நம்பரக்காவை ஒரு தடவை பார்த்தார். அவள் தன் புதுச்செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷட்டர் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

*

மாடிப்படிக்கு அடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று போன் போட்டாள்.

"என்ன இந்நேரத்துல? ஏணி மேல நிக்கிறேன்" என்றான் புருஷன்.

"கோலி விஷயத்தை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"நானா? உன் தலை மேல அடிச்சு சத்தியம். ஒரு ஈ காக்காகிட்ட சொல்லல."

"தோள்பட்டைன்னு போட்டிருக்காங்க."

"தோள்பட்டைதானே? நீதானே சொன்ன? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"யாருக்கும் தெரியாது. அது நானா அளந்தது."

அந்தப் பக்கம் ஏணி கிறீச்சிட்டது.

"பாரு," என்றான் கடைசியில், "ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். அவன் பரப்பிட்டான். நான் என்ன பண்ண? சரி, இப்ப உன்னை யாராவது சந்தேகப்படுறாங்களா?"

"சித்தப்பாவை அனுப்பிட்டாங்க."

"அட!" அவன் குரலில் காற்று திரும்பி வந்தது. "அப்புறம் எதுக்கு நடுங்கற? அந்த ஆளுதான் ஊரறிஞ்ச பந்தயக்காரர். அவரு தலையிலயே முடிஞ்சுது. நீ வாயை மூடிக்கிட்டு நம்பர் அடி."

நம்பரக்கா போனை வைத்தாள். மாடியில் தையல் மெஷின்கள் கடகடத்தன. சாயங்கால டீ, தைலம், கன்னத்தில் வைத்த கை, விரிந்த கண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அவள் சொன்ன கதைகளில் எது அவனுக்குப் பிடித்திருந்தது, எதற்கு மட்டும் அவன் கேள்வி கேட்டான் என்று யோசித்தாள். யாருக்குக் காயம், யார் உள்ளே, யார் வெளியே. மணிக்கட்டு எதனால் வலிக்கிறது என்று அவன் கேட்கவே இல்லை. என்னத்த மாத்தினாங்க என்றுதான் கேட்டான்.

வாயை மூடிக்கொண்டால் வேலை இருக்கும். மூடத்தான் நினைத்தாள். பொய் சொல்லக் கூடாது என்கிற பெரிய எண்ணமெல்லாம் இல்லை. கீழ் அறைக்குத் திரும்பியபோது முதலாளியம்மா அந்த ஊசிக்கொக்கியைக் குப்பைக்கூடையில் போடப் போனாள். நம்பரக்கா அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதைப் போடாதீங்கம்மா. சொன்னது நான். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தோள்பட்டைன்னு சேர்த்துச் சொன்னதும் நான்தான்."

முதலாளியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயா?" என்றாள். "அந்த ஆளை நான் நாய் மாதிரி விரட்டினேனே, அப்போ நீ இங்கதானே நின்ன?"

பெட்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போ. அவரு இன்னும் பஸ் ஸ்டாப்லதான் இருப்பாரு. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. உன் மெஷினையும் அவரே பாத்துக்கட்டும். நீ திரும்பி வராத."

*

பஸ் ஸ்டாப் பெஞ்சில் சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"சித்தப்பா, அம்மா கூப்பிடுறாங்க. சேதி என் வாயாலதான் வெளிய போச்சுன்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை ஏறிட்டார்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது? நான் அங்க இருக்கும்போதா, போனப்புறமா?"

"போனப்புறம்" என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"இருக்கும்போதே."

"ம்."

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவளைத் தாண்டிப் போனார். நாலடி போய், திரும்பாமலே சொன்னார்: "உன் பஸ் வருது பாரு."

*

வீட்டில் புருஷன் சீக்கிரமே வந்திருந்தான். கட்டிலில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்?"

"வேலை போயிடுச்சு. நானே ஒத்துக்கிட்டேன்."

அவன் "ஏன்டி?" என்று கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றான்.

"அந்தப் பெரியவர்?"

"திரும்ப உள்ள போயிட்டாரு."

"உன் மெஷினை யாரு பாப்பாங்க?"

"அவரேதான். அரையிறுதி முடியறவரைக்கும் எல்லாம் அவருதான்."

அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் செய்தது போலவே மணிக்கட்டை மெல்ல நீவிவிட்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எதையோ சொல்ல அவன் தயங்குவது தெரிந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். தரையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லாதவன், பாவம், தடுமாறுகிறான் என்று நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"ஆமா, அந்தப் பெரியவர் சாயங்காலத்துல எந்தக் கடையில டீ குடிப்பாரு?"